வீடுதோறும் ஒரு சித்திர சபை: ரவிவர்மா தேர்ந்தெடுத்த யந்திரம்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குச் செல்பவர்கள் அருவியில் நீராடி, குற்றாலநாதரைத் தரிசித்து, அப்படியே ஊர் திரும்பிவிடுவது வழக்கம். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தின் அருகே தனியாக நிற்கும் சித்திர சபையைப் பார்க்காமலே போய்விடுகிறவர்கள் பலர். ஆடவல்லான் நடனமாடும் ஐந்து சபைகளில் இதுவும் ஒன்று. திருவாலங்காட்டில் ரத்தின சபை, சிதம்பரத்தில் கனக சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. இங்கே நடராஜப் பெருமான் சித்திர வடிவாகவே எழுந்தருளியிருக்கிறார். சுற்றிலும் சுவரெல்லாம் ஓவியங்கள்.

சுவரில் எழுதிய சித்திரம் நம்மைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். போனாலும் எல்லாரும் உள்ளே நுழைய முடியாத காலம் ஒன்று இருந்தது. ஜாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் தமிழ்நாட்டிலும் மலையாள நாட்டிலும் ஏராளமாக இருந்தார்கள். கருவறையில் இருக்கும் தெய்வத்தின் திருமுகம் எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்த நிலையில், வீணையுடன் சரஸ்வதியும், செந்தாமரை மேல் லக்ஷ்மியும் காகிதத்தில் ஏறி, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்து, ஊர் ஊராக வந்து சேர்ந்தார்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வர்ணம் மங்கிய நிலையில் இன்றும் அவர்களைக் காணலாம். அவர்களை அனுப்பி வைத்தவர் ராஜா ரவிவர்மா. அரசர்களின் அரண்மனைகளுக்காகத் தூரிகை பிடித்த அவர், ஏழையின் வீட்டுக்கும் படம் போக வேண்டும் என்று ஒரு யந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வு அவருக்கு அழியாப் புகழைத் தந்தது, கடனையும் தந்தது.

மலைக்கு மேற்கே

குற்றால மலைக்கு இந்தப் பக்கம் பாண்டிய நாடு; அந்தப் பக்கம் திருவிதாங்கூர். இடையில் ஆரியங்காவுக் கணவாய். செங்கோட்டையோ 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்துடன் இணையும் வரை மலையாளச் சீமையைச் சேர்ந்தே இருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குக் குற்றாலத்தில் ஓர் அரண்மனையும் உண்டு. ஆகையால் இந்த வட்டாரத்து மக்களுக்கு மேற்கத்திப் பழக்க வழக்கங்களும் அந்நாட்டு அரசர்களும் அந்நியமல்ல.

அந்தத் திருவிதாங்கூர் நாட்டில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ம் தேதி ரவிவர்மா பிறந்தார். தாயார் உமாம்பா தம்புராட்டி கவிதை புனையும் ஆற்றல் படைத்தவர். தந்தை நீலகண்ட பட்டதிரி சமஸ்கிருதத்தில் பண்டிதர். மாமா ராஜராஜ வர்மா சித்திரம் வரைவதில் வல்லவர். சிறு பையனான ரவிவர்மா அரண்மனைச் சுவர்களில் கரியால் படம் கிறுக்கி வைத்ததைக் கண்ட மாமா, சுவர் பாழாயிற்றே என்று கோபிக்கவில்லை என்றும், பையனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு தாமே முதல் பாடம் கற்பித்தார் என்றும் சொல்வார்கள்.

1862-ம் ஆண்டு, பதினான்கு வயதுப் பையனை மாமா திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். அப்பொழுது சிங்காதனத்தில் இருந்தவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. கலைகளில் பிரியமுள்ளவர். பையனின் கைத்திறனைக் கண்டு, அரண்மனையில் தங்கி அபிவிருத்தி அடையும்படி ஏற்பாடு செய்தார். அங்கிருந்த புத்தகங்களும் படங்களும் ரவிவர்மாவுக்கு ஒரு புதிய உலகத்தைத் திறந்துவிட்டன.

பார்த்துக் கற்ற வித்தை

எண்ணெய் வர்ணத்தில் படம் தீட்டும் முறை அந்நாளில் நம் நாட்டுக்குப் புதிது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அது தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அரண்மனைச் சித்திரக்காரரான அவர் தம் வித்தையின் ரகசியத்தை இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை என்பது வரலாறு. அவருடைய சீடராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர், இரவு வேளையில் யாருக்கும் தெரியாமல் ரவிவர்மாவிடம் வந்து, தாம் அறிந்ததைச் சொல்லிவிட்டுப் போவாராம்.

1868-ம் ஆண்டு தியடோர் ஜென்ஸன் என்ற ஐரோப்பியச் சித்திரக்காரர், மகாராஜாவின் உருவப்படம் எழுதத் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அவரும் கற்றுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. தாம் எழுதும்பொழுது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எந்த வர்ணத்தோடு எதைக் குழைக்கிறார், நிழலை எங்கே விடுகிறார், வெளிச்சத்தை எங்கே நிறுத்துகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு தனியே அமர்ந்து செய்து செய்து பார்த்தார்.

சித்திரக்கலைப் பள்ளியில் ஒரு நாளும் காலடி வைக்காத ஒருவர், மறைக்கப்பட்ட ஒரு வித்தையை இப்படிக் கண்ணால் பற்றிக்கொண்டார். தமக்கு எட்டாமல் இருந்ததை மற்றவர்களுக்கு எட்டச் செய்ய வேண்டும் என்ற பிற்கால எண்ணத்துக்கு இந்த இளமை அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1866-ல் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதி தம்புராட்டியை அவர் மணந்திருந்தார். 1870-ல் மூகாம்பிகை சந்நிதிக்கு யாத்திரை போய் வந்த பின், ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார். அரச குலத்தில் பிறந்தவர் கூலிக்குப் படம் எழுதலாமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அரண்மனைகள் அழைத்தன

1873-ம் ஆண்டு சென்னையில் நடந்த ஓவியக் காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்மணியின் படத்துக்குப் பரிசு கிடைத்தது. அதே படம் வியன்னா நகரக் காட்சியிலும் பாராட்டுப் பெற்றது. அடுத்து, ஸ்வரபத் என்ற வாத்தியத்தை வாசிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தியைத் தீட்டினார். இந்தியாவுக்கு விஜயம் செய்த வேல்ஸ் இளவரசருக்கு அந்தப் படம் காணிக்கையாயிற்று. துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையின் படத்தை 1876-ல் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கிக்கொண்டார்.

பரோடா சமஸ்தானத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே திவானாக இருந்தவர், முன்பு திருவிதாங்கூரில் திவானாக விளங்கிய ஸர் டி. மாதவராவ். 1881-ல் இளம் மகாராஜா சாயாஜிராவ் பட்டத்துக்கு வந்த சமயம் ரவிவர்மா பரோடா சென்று உருவப்படங்கள் எழுதினார். பின்னர் 1888-ல், புராண, இதிகாசக் காட்சிகளைக் கொண்ட 14 படங்கள் வேண்டும் என்று மகாராஜா கேட்டார். நளனும் தமயந்தியும், சந்தனுவும் கங்கையும் எந்த உடை உடுத்தியிருப்பார்கள்? இதற்கு விடை தேடி ரவிவர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் வட இந்தியாவெங்கும் சுற்றினார்கள். மாகாணத்துக்கு மாகாணம் உடை வேறுபட்டது. இறுதியில் புடவையே அவருடைய தேவிகளுக்கும் நாயகிகளுக்கும் ஆடையாயிற்று. இன்று நாம் சரஸ்வதி என்றவுடன் மனக்கண்ணில் காணும் தோற்றத்துக்கு அந்தச் சுற்றுப்பயணம் ஒரு காரணம்.

1890-ல் பதினான்கு படங்களும் முடிந்தன. பரோடாவில் வைக்கப்படுமுன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் அவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. ஆனால் காட்சி முடிந்ததும் படங்கள் அரண்மனைக்குள் போய்விட்டன. பார்த்தவர்களுக்கு மிஞ்சியது நினைவு ஒன்றே. ஒரு பிரதி கிடைக்குமா என்று ஏங்கியவர்கள் எத்தனை பேரோ!

திவான் சொன்ன யோசனை

இந்த ஏக்கத்தை முன்கூட்டியே உணர்ந்தவர் மாதவராவ். 1884-ம் ஆண்டிலேயே அவர் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பியிருந்தார். படங்களைக் கேட்பவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். இரண்டு கைகளைக் கொண்ட ஒரு மனிதரால் அத்தனை பேருக்கும் எழுதித்தர முடியாது. ஆகவே தேர்ந்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, ஓலியோகிராப் என்ற வர்ண அச்சுப் பிரதிகளாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

யோசனை நல்லதுதான். ஆனால் எந்த வழியில் செய்வது?

அக்காலத்தில் ஒரு படத்தைப் பலவாக்குவதற்குச் சில வழிகள் இருந்தன. சீடர்களைக் கொண்டு கையால் பிரதி எழுதுவிக்கலாம். வருஷத்துக்குச் சிலதான் தேறும். மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கலாம். கோடுகள் வரும், முகத்தின் மென்மை வராது. போட்டோ எடுக்கலாம், அன்றைய போட்டோவில் கறுப்பும் வெளுப்பும் உண்டு, லக்ஷ்மியின் சிவப்புப் புடவை கிடையாது. கல் அச்சு எனப்படும் லித்தோ முறை ஒன்றுதான் வர்ணத்தையும் நிழலையும் ஓரளவு உண்மையாகக் காட்டக்கூடியது. கல்கத்தாவிலும் பூனாவிலும் 1878 முதல் சித்திர அச்சகங்கள் கல் அச்சில் தெய்வப் படங்களைப் போட்டு விற்று வந்தன. ஐரோப்பாவிலிருந்தும் வர்ணப் படங்கள் கப்பலில் வந்து இறங்கின.

வெளிநாட்டுக்கு அனுப்பி அச்சடித்து வரவழைத்தால் முதல் போட வேண்டியது குறைவு, தொல்லையும் குறைவு. ஆனால் கடல் கடந்து செய்யும் வேலையில் திருத்தம் சொல்வது எப்படி? பாஷையும் புராணமும் அறியாத கைகள் சீதையின் முகத்தை எப்படிக் காட்டுமோ? சொந்த அச்சகம் வைத்தால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பொறுப்பு முழுவதும் தலையில் விழும்.

1893-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மா அனுப்பிய பத்துப் படங்கள் பரிசு பெற்றன. அவர் புகழின் உச்சியில் இருந்தார். அடுத்த ஆண்டு, 1894-ல், பம்பாய் கிர்காம் பகுதியில் ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொண்டு சொந்த அச்சகத்தைத் தொடங்கினார். யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்தே வந்தார்கள்.

ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தது நியாயமே. கல் அச்சு முறை பிறந்த இடம் அது. அலாய்ஸ் செனெபெல்டர் என்பவர் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கண்டுபிடித்தார். அதற்கு உகந்த சுண்ணாம்புக் கல்லும் அந்நாட்டுப் பவேரியா மாகாணத்தில்தான் வெட்டி எடுக்கப்பட்டது.

கல்லில் ஏறிய சகுந்தலை

கல் அச்சின் தத்துவம் எளியது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா. வழுவழுப்பாகத் தேய்த்த கல்லின் மேல் பிசுபிசுப்பான மையால் படத்தை இடம் வலமாக மாற்றி எழுதுவார்கள். பிறகு கல்லை நனைத்தால், எழுதாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அச்சு மையை உருட்டினால், எழுதிய இடம் மட்டும் மையை ஏற்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார்.

சொல்வது சுலபம். வர்ணப் படமானால் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, உடல் நிறத்துக்கு ஒன்று என்று கற்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மூலப்படத்தில் கலந்து கிடக்கும் வர்ணங்களைக் கண்ணாலேயே பிரித்தறிந்து, எந்தப் புள்ளி எந்தக் கல்லுக்குப் போக வேண்டும் என்று கைதேர்ந்த தொழிலாளி தீர்மானிப்பார். அதே காகிதம் பல முறை யந்திரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் இம்மியும் பிசகக் கூடாது. பிசகினால் சரஸ்வதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்துவிடும்! ஒரு வர்ணம் உலராமல் அடுத்த வர்ணம் ஏற்ற முடியாது. முடிவில் மேலே வார்னிஷ் பூசினால், எண்ணெய் வர்ணப் படத்தின் பளபளப்பு வந்துவிடும்.

அந்த அச்சகத்தில் முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு என்பார்கள். தொடர்ந்து லக்ஷ்மியும் சரஸ்வதியும் வந்தார்கள். பிறகு ராமரும் கிருஷ்ணரும் மோகினியும் தமயந்தியும் வந்தார்கள். மகாராஜாக்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியதன் சாயல், சாமானியன் வாங்கக்கூடிய விலையில் கடைக்கு வந்தது. பக்தர்கள் சட்டம் போட்டு மாட்டினார்கள். சிலர் தேவியின் புடவைக்கு ஜரிகையும் சம்கியும் ஒட்டி அழகு பார்த்தார்கள். கோயிலுக்குள் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டவன் வீட்டிலும் விளக்கேற்றி வணங்க ஒரு தெய்வ உருவம் கிடைத்தது.

யந்திரம் கேட்ட விலை

படங்கள் பரவின. ஆனால் பணம் வந்ததா? அதுதான் இல்லை.

யந்திரம் வாங்கும்பொழுது அதன் விலை கண்ணுக்குத் தெரியும். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் செலவுகள் தெரிவதில்லை. கல், மை, வெளிநாட்டு நிபுணர்களின் சம்பளம், விற்பனைக்கு ஆட்கள் என்று பட்டியல் நீண்டது. ஒருவர் மாற்றி ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ரவிவர்மாவோ ஊர் ஊராகப் போய்ப் படம் எழுதுகிறவர். அச்சகத்தின் கவலை பெரும்பாலும் தம்பி ராஜராஜ வர்மாவின் தலையில் விழுந்தது. தம்பியும் சிறந்த சித்திரக்காரர்; இயற்கைக் காட்சிகள் எழுதுவதில் நிபுணர். அண்ணனின் படங்களில் பின்னணி பலவற்றை எழுதியவர் அவரே. தூரிகை பிடிக்க வேண்டிய கை, கணக்குப் புத்தகத்தைப் புரட்டியது. அவர் எழுதி வந்த நாட்குறிப்பு பிற்காலத்தில் புத்தகமாக வெளிவந்து, சகோதரர்களின் அலைச்சலை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பங்காளி விலகிக்கொண்டார். இதற்கிடையில் 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. ஜனங்கள் நகரை விட்டு ஓடினார்கள். அச்சகம் கிர்காமிலிருந்து காட்கோபருக்கும், பிறகு 1899-ல் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லி என்ற கிராமத்துக்கும் பெயர்ந்தது. கனத்த கற்களையும் யந்திரங்களையும் இடம் மாற்றுவது லேசான காரியமா? கடன் ஏறியது.

கடைசியில், புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சகத்தைத் தம்மிடம் வேலை பார்த்த ஜெர்மானிய நிபுணர் பிரிட்ஸ் ஷ்லெய்சருக்கே விற்றுவிட்டார். அச்சுப் போடும் உரிமையும் அதோடு போயிற்று. யந்திரத்தை வாங்கியவருக்குச் சித்திரம் தெரியும். அந்த யந்திரத்தோடு வந்தவருக்கு யந்திரம் தெரியும். தொழில் யந்திரம் தெரிந்தவரிடம் போய்ச் சேர்ந்தது. ஷ்லெய்சர் தெய்வப் படங்களோடு நிற்காமல், வியாபாரச் சரக்குகளுக்கு ஒட்டும் வர்ணச் சீட்டுகள் போன்றவற்றையும் அச்சடித்து அச்சகத்தை நிலைநிறுத்தினார்.

ரவிவர்மா மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. 1901-ல் உதயப்பூர், 1902-ல் ஹைதராபாத் என்று தம்பியுடன் பிரயாணம் தொடர்ந்தது. 1904-ல் சர்க்கார் கெய்ஸர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்துக் கௌரவித்தது. ஆனால் அடுத்த அடி தாங்க முடியாததாக இருந்தது. 1905-ம் ஆண்டு ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா காலமானார். நிழல்போல் உடன் இருந்தவர் மறைந்த பின் அண்ணனின் உடலும் தளர்ந்தது. நீரிழிவு நோய் வாட்டியது. மைசூர் மகாராஜாவுக்கு ஒப்புக்கொண்ட புராணப் படங்களை மட்டும் எப்படியோ முடித்துக் கொடுத்தார். 1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே, தம்முடைய 58-வது வயதில் கண் மூடினார்.

அவருக்குப் பின்

அவர் காலமாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை ரயில் பாதை திறக்கப்பட்டிருந்தது. ரயில் போன ஊரெல்லாம் அவருடைய படங்களும் போயின. அச்சகத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. 1913-ல் ராஜா ஹரிச்சந்திரா படத்தை எடுத்து இந்திய சினிமாவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவரே. ரவிவர்மாவின் புராண உலகம் வெள்ளித்திரைக்கு நகர்ந்த வழி அதுதான்.

தென்காசிக்குக் கிழக்கே உள்ள கோவில்பட்டியில் தங்கிய சித்திரக்காரர் சி. கொண்டையராஜு, ரவிவர்மா காட்டிய பாதையில் முருகனையும் மீனாட்சியையும் தீட்டினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டர்களாக அச்சிட்டு வீடுதோறும் சேர்த்தன. மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்குத் தரும் காலண்டரின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், 1894-ம் ஆண்டுக் கிர்காமில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

குறை சொன்னவர்களும் உண்டு. இலங்கையில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி, ரவிவர்மாவின் படங்களில் ஐரோப்பிய பாணி மிகுந்து, தெய்விகம் குறைந்து போயிற்று என்று கருதினார். மூலப்படத்தின் நயம் அச்சில் பாதியாவது போய்விடுகிறது என்பதும் மெய்யே. ஆயினும், பரோடாவுக்கோ மைசூருக்கோ போய் அசல் படத்தைப் பார்க்க முடியாத கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தப் பாதி பெரிய சொத்தாக இருந்தது.

விதியின் விளையாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். ரவிவர்மாவின் பேத்திகள் இருவரை 1900-ம் ஆண்டு திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்தெடுத்தது. அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் புதல்வரே சித்திரைத் திருநாள் மகாராஜா. அவர்தான் 1936-ம் ஆண்டு நவம்பர் மாதம், தம் சமஸ்தானத்துக் கோயில்களின் கதவுகளை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்டுப் பிரகடனம் செய்தவர். அன்று செங்கோட்டையும் அவர் ஆட்சியின் கீழ்தான் இருந்தது. கொள்ளுத்தாத்தா தெய்வத்தைக் கோயிலுக்கு வெளியே அனுப்பினார். கொள்ளுப்பேரர் வெளியே நின்றவர்களைக் கோயிலுக்குள் அழைத்தார்.

மளவ்லி அச்சகம் 1972-ல் தீ விபத்துக்கு இரையாயிற்று. ஆனால் அதிலிருந்து புறப்பட்ட படங்கள் எத்தனையோ வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன.

இன்றைய கல்லும் மையும்

இன்று தென்காசிக் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகையும் கடைப் பலகையும் டிஸைன் செய்யும் இளைஞனுக்குக் கல்லும் வேண்டாம், மையும் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும். பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் மென்பொருள் எழுதும் காலம் இது. ஆனாலும் படத்துக்கு ஏற்ற யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் சங்கடம் மறையவில்லை. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராஸஸர் எதை வாங்குவது என்று அவன் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு திகைக்கிறான்.

ப்ராஸஸருக்குள் கோர் என்னும் பல வேலையாட்கள் இருக்கிறார்கள். எட்டுப் பேர் இருந்தால் நான்கு பேரைவிட இரு மடங்கு வேலை நடக்கும் என்று நினைப்பது இயல்பு. ரவிவர்மாவின் அச்சகத்தைக் கேட்டால் வேறு பதில் வரும். மஞ்சள் உலராமல் சிவப்பு ஏறாது. அந்த இடத்தில் நூறு ஆட்களை நிறுத்தினாலும் பயன் இல்லை. பத்திரிகை, விளம்பரம், சின்னம் போன்றவற்றை வரையும்பொழுது பெரும்பாலான வேலைகள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கின்றன. அதற்கு ஆட்களின் தொகையைவிட ஒவ்வொரு ஆளின் வேகம் முக்கியம். அசையும் படங்களும் முப்பரிமாணக் காட்சிகளும் தயாரிப்பவனுக்கு நிலைமை வேறு. ஆயிரம் காட்சிகளைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். அங்கே கோர்கள் அதிகமாக இருந்தால் லாபம். கிராபிக்ஸ் கார்டும் கைகொடுக்கும்.

எவ்வளவு நல்ல ப்ராஸஸராக இருந்தாலும், படத்தைத் திறந்து வைக்க நினைவகம் போதாவிட்டால் யந்திரம் திணறும். கற்களைப் பரப்பி வைக்க மேஜை இல்லாத அச்சகம் போல. சாதாரண டிஸைன் வேலைக்கு 16 ஜிபி நினைவகமும், பெரிய படங்களுக்கு 32 ஜிபியும் இருந்தால் வேலை ஓடும். வர்ணத்தை உண்மையாகக் காட்டும் திரைக்கும் பணம் மிச்சம் வைக்க வேண்டும். ஆகக்கூடிய விலையில் ப்ராஸஸர் வாங்கி, மற்றவற்றுக்குக் காசில்லாமல் நிற்பது, ஜெர்மன் யந்திரத்தை இறக்கிவிட்டுக் கடனில் மூழ்கிய கதையே.

தன் வேலை எது, அதில் எந்த இடம் தாமதிக்கிறது, யந்திரத்தோடு வரும் செலவைத் தாங்க முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் முதலில் கேட்டுக்கொள்கிறவன் ஏமாற மாட்டான். ரவிவர்மா முதல் கேள்விக்குச் சரியான விடை கண்டார். மூன்றாவது கேள்வியில் சறுக்கினார். அந்தச் சறுக்கலில் அவர் பொருளை இழந்தார், நாடு நஷ்டப்படவில்லை.

குற்றாலச் சித்திர சபையில் கூத்தப்பிரான் சுவரில் ஆடிக்கொண்டிருக்கிறார். அவரைத் தரிசித்துவிட்டுச் செங்கோட்டைச் சாலையில் திரும்புகிறவர்கள், வழியில் ஏதேனும் ஒரு பழைய வீட்டின் கூடத்தை எட்டிப் பார்க்கட்டும். வர்ணம் மங்கிய ஒரு சரஸ்வதி அங்கே வீணை மீட்டிக்கொண்டிருக்கக்கூடும். அந்த வீட்டுக்கு அதுவே சித்திர சபை.